ஜேபெக் படங்களை ஜிப், ரார், 7-ஜிப் எதில் போட்டாலும் அளவு குறையவில்லை, வேறு வழி உண்டா?

ஸ்டூடியோ_திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், பெரும்பாலும் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. ஒரு கல்யாணம் என்றால் முந்தின நாள் வரவேற்பையும் சேர்த்து மூவாயிரம் படம் வந்துவிடுகிறது. எல்லாம் கேமராவிலேயே ஜேபெக்காக விழுபவை, ஒவ்வொன்றும் ஆறு முதல் ஒன்பது எம்பி, ஆக ஒரு கல்யாணத்துக்கு 22 ஜிபி போல ஆகிறது. ஆல்பம் கொடுத்த கையோடு அழித்துவிடு என்று தொழிலில் இருக்கும் சிலர் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. நாலு வருஷம் கழித்துக் கடை வாசலில் வந்து நின்று, "அப்பா தவறிட்டார், அவர் சிரிச்ச மாதிரி ஒரு படம் இருக்குமா பாருங்க" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

இப்போது பிரச்சினை இடம். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, அதற்கு ஒரு நகலும் வைத்திருப்பதால் புதிது வாங்கினால் இரண்டாகத்தான் வாங்க வேண்டும். சரி, சுருக்கி வைப்போம் என்று ஒரு கல்யாண ஃபோல்டரை எடுத்து நாலு விதமாகச் செய்து பார்த்தேன். விண்டோஸில் வலது கிளிக் செய்து வரும் சாதாரண ஜிப், 7-ஜிப்பில் ஜிப், வின்ராரில் 'பெஸ்ட்', அப்புறம் 7-ஜிப்பின் சொந்த வடிவத்தில் 'அல்ட்ரா'. கடைசியில் சொன்னது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, கம்ப்யூட்டர் விசிறி இரைச்சலில் பக்கத்தில் உட்கார முடியவில்லை. முடிந்த பிறகு பார்த்தால் நாலும் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு ஒன்று குறைந்திருந்தால் பெரிது. எங்கே தப்பு செய்கிறேன்? எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பைட்_பாண்டி

அண்ணே, நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அந்த நாலு கருவியும் தோற்றதற்குக் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் எந்தக் கருவியை எதற்குத் தொட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜேபெக் 1992-ல் வந்த தரநிலை. உங்கள் கேமரா ஒரு படத்தை எடுத்ததும் அதை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னக் கட்டங்களாக வெட்டுகிறது. மணமகளின் நெற்றியில் ஒரு கட்டம் என்று வையுங்கள், அதில் 64 புள்ளி. அந்த 64 நிற மதிப்புகளை அப்படியே எழுதாமல், அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம் எவ்வளவு, இடமிருந்து வலம் எவ்வளவு மெதுவாக மாறுகிறது, எவ்வளவு நுணுக்கமாக மாறுகிறது என்று 64 எண்களாக மாற்றிக்கொள்ளும். நெற்றி வழுவழுப்பான இடம், அதனால் நுணுக்கத்தைச் சொல்லும் எண்களில் பெரும்பாலானவை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அவற்றை வகுத்து முழு எண்ணாக்கும்போது பூஜ்யமாகவே ஆகிவிடும். (ஜேபெக் தகவலை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.) பிறகு மிச்சம் இருக்கும் எண்களையும், இடையில் எத்தனை பூஜ்யம் என்பதையும் ஹஃப்மன் முறையில் எழுதும். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறி.

இந்த ஹஃப்மன் வேலைதான் ஜிப்பும் செய்கிறது. ஜிப்புக்குள் இருக்கும் டிஃப்ளேட் முறையில் இரண்டே படி: முதலில் முன்னே வந்த பைட் வரிசை திரும்ப வருகிறதா என்று தேடி "இவ்வளவு தூரம் பின்னால் பார்" என்று குறிக்கும், அடுத்து ஹஃப்மன். ஜேபெக்கில் இரண்டாவது படி ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதல் படியும் பலிக்காது, ஏனென்றால் ஹஃப்மன் குறிகள் பைட் எல்லையில் நிற்பவை அல்ல, மூன்று பிட், ஏழு பிட், பதினொரு பிட் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். ஒரே மாதிரியான இரண்டு கட்டங்கள் படத்தில் இருந்தாலும், ஒன்று ஒரு பைட்டின் இரண்டாவது பிட்டில் தொடங்கும், இன்னொன்று ஐந்தாவதில். பைட் பைட்டாகப் பார்க்கும் ஜிப்பின் கண்ணுக்கு அவை இரண்டும் சம்பந்தமே இல்லாத எழுத்துகள். ராரும் 7-ஜிப்பும் இன்னும் தூரம் தேடும், இன்னும் நன்றாகக் கணக்குப் போடும், ஆனால் அவையும் பார்ப்பது பைட்டைத்தான்.

உங்களுக்குக் கிடைத்த அந்தச் சொற்பம் எங்கிருந்து வந்தது என்றால், ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் கேமரா எழுதும் எக்ஸிஃப் தகவல் இருக்கிறது, கேமரா நிறுவனம் தன் சொந்தக் குறிப்புக்கு ஒதுக்கிய காலி இடம் பூஜ்யங்களாக நிற்கும், அதெல்லாம் சுருங்கும். இன்னொன்றும் உண்டு. ஜேபெக்கில் 255 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் அதன் பின்னால் கட்டாயம் ஒரு பூஜ்ய பைட் போட வேண்டும், இல்லாவிட்டால் அதை ஒரு கட்டளைக் குறி என்று படிக்கும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 256 பைட்டில் ஒன்று 255 ஆக வரும் என்று கணக்குப் போட்டால் கோப்பில் நூற்றுக்கு 0.4 பங்கு இந்த வெற்றுப் பூஜ்யங்களே. அதில் கொஞ்சத்தைப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

மலைக்கோட்டை

பாண்டி சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. என் அக்கா மகள் சடங்கு வீட்டுப் படங்களைப் போன மாதம் 7-ஜிப்பில் போட்டேன், 3.1 ஜிபி இருந்தது 1.9-க்கு வந்துவிட்டது. எல்லாம் ஜேபெக்தான், வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. அதே ஃபோல்டரை ஜிப்பில் போட்டபோது குறையவே இல்லை. அதனால் 7-ஜிப் ஜேபெக்கைச் சுருக்காது என்பது சரியில்லை, செட்டிங்கில்தான் ஏதோ இருக்கிறது. நான் மாற்றியது ஒன்றும் இல்லை, 'நார்மல்' தான்.

தட்டச்சு_தமிழினி

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவது ஜேபெக்கில் நடக்காத காரியம். ஆனால் ஜிப்பில் குறையாமல் 7-ஜிப்பில் மட்டும் குறைந்தது என்று நீங்கள் சொல்வது எனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறது. அந்த ஃபோல்டரைத் திறந்து பெயர் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'காப்பி' என்று போட்ட கோப்புகள் இருக்கின்றனவா?

மலைக்கோட்டை

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்ததை எல்லாம் மாப்பிள்ளை அதே ஃபோல்டருக்குள் காப்பி பேஸ்ட் செய்து வைத்திருக்கிறார் போல. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தட்டச்சு_தமிழினி

முழுச் சம்பந்தமும் அதுதான். டிஃப்ளேட் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடிய தூரம் 32 கேபி மட்டுமே. உங்கள் படம் ஒன்று 5 எம்பி என்றால், அதன் அச்சு நகல் அடுத்த கோப்பாகவே வந்தாலும் ஜிப்புக்கு அது தெரியாது, 32 கேபிக்கு முன்னால் நடந்தது எல்லாம் அதற்கு மறந்துபோன கதை. அதோடு ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. 7-ஜிப் பல கோப்புகளைக் கோத்து ஒரே நீளச் சரமாக எடுத்துக்கொள்ளும், அதன் அகராதி, அதாவது அது திரும்பிப் பார்க்கக்கூடிய தூரம், பல எம்பி அளவு பெரியது. பெயர் வரிசையில் நகலும் அசலும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, அதனால் இரண்டாவது படம் முழுவதையும் "முன்னால் வந்ததே மறுபடியும்" என்று சில பைட்டுகளில் முடித்துவிட்டது. உங்கள் 1.2 ஜிபி போனது சுருக்கத்தால் அல்ல, இரட்டைப் படங்கள் ஒன்றானதால். நகல்களை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

திண்டுக்கல் அண்ணாவுக்கும் இது உதவும். தேர்ந்தெடுத்த படங்களை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் ஸ்டூடியோக்களில் உண்டு. அசல் முதல் ஃபோல்டரிலும் நகல் பத்து ஜிபி தாண்டியும் இருந்தால் 7-ஜிப்பின் அகராதிக்கும் எட்டாது. ரார் 5 வடிவத்தில் ஒரே மாதிரியான கோப்புகளைக் குறிப்பாக மட்டும் சேமிக்கச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது, அது தூரம் பார்க்காது. ஆனால் என்னைக் கேட்டால் ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) போட்டு நகல் தேடும் ஏதாவது ஒரு கருவியை வைத்து இரட்டையை நேராகவே நீக்கிவிடுங்கள்.

மலைக்கோட்டை

நீக்கிவிட்டு ஓட்டினேன். 1.9 ஜிபி ஃபோல்டர், 7-ஜிப்பில் போட்ட பிறகும் 1.9. தமிழினி சொன்னது சரி, பாண்டி மன்னிக்கவும்.

கொத்தமல்லி

இணையத்தில் படத்தை ஏற்றினால் 70 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று நிறையத் தளங்கள் இருக்கின்றனவே. நான் வீட்டுமனை விளம்பரப் படங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன், கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அண்ணாவுக்கு அது போதாதா?

பைட்_பாண்டி

விளம்பரத்துக்குச் சரி, சேமிப்புக்கு அது கூடவே கூடாது. அந்தத் தளங்கள் செய்வது படத்தைப் பிரித்து, முன்பு வகுத்ததைவிடப் பெரிய எண்ணால் மறுபடி வகுத்து, திரும்ப ஜேபெக்காக எழுதுவது. போன நுணுக்கம் போனதுதான். ஃபோனில் பார்க்கும்போது தெரியாது, ஆனால் அந்த மூவாயிரத்தில் ஒன்றை எடுத்து, கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கும் அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கேட்பார்கள் பாருங்கள், அப்போது அந்தக் கன்னத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். அண்ணன் முதல் பதிவில் சொன்ன காரணத்துக்காகத்தானே இதை எல்லாம் வைத்திருக்கிறார்! பிட் கூட மாறாமல் திரும்பி வர வேண்டும் என்பதை இந்த இழையில் நிபந்தனையாகவே வைத்துக்கொள்வோம்.

ஸ்டூடியோ_திண்டுக்கல்

தம்பி, அதே கருத்துதான் எனக்கும். தரம் குறையாமல் வழி இருந்தால் மட்டும் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், டிஸ்க் வாங்கிக்கொள்கிறேன்.

பைட்_பாண்டி

வழி இருக்கிறது. ஜிப் ஜேபெக்கின் மேல் உட்கார்ந்து அமுக்கப் பார்க்கிறது, அது பலிக்காது. மாறாக ஜேபெக்கின் மொழி தெரிந்த ஒரு கருவி, அந்த ஹஃப்மன் முடிச்சை அவிழ்த்து உள்ளே இருக்கும் எண்களை வெளியே எடுத்து, அதே எண்களை இன்னும் நல்ல முறையில் எழுதலாம். எண்களை மாற்றவில்லை, அதனால் படம் மாறாது. திரும்ப வேண்டும்போது அதே ஹஃப்மன் முடிச்சைப் போட்டுப் பழைய கோப்பைப் பைட்டுக்குப் பைட் தந்துவிடும்.

இதில் மிச்சம் எப்படி வருகிறது என்றால், ஜேபெக் ஒவ்வொரு கட்டத்தையும் ஏறக்குறையத் தனியாக எழுதுகிறது. சராசரி வெளிச்சத்தை மட்டும் முந்தைய கட்டத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதும், மற்ற 63 எண்களுக்கு அக்கம்பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பட்டுப்புடவையின் ஜரிகை பத்துக் கட்டங்களில் தொடர்ந்து ஓடினால், மேலே உள்ள கட்டத்தையும் இடப்பக்கக் கட்டத்தையும் பார்த்தே அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகம் சரியாக வர வர எழுத வேண்டிய பிட் குறையும். கூடவே ஹஃப்மனுக்குப் பதில் எண்கணிதக் குறியாக்கம். ஹஃப்மனில் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடிய குறிக்கும் குறைந்தது ஒரு பிட் செலவாகும், இதில் கால் பிட்டிலும் எழுதலாம். வேடிக்கை இல்லை, 1992 தரத்திலேயே எண்கணிதக் குறியாக்கம் ஒரு தேர்வாக இருந்தது, காப்புரிமைச் சிக்கலால் யாரும் தொடவில்லை.

இந்த வழியில் போன கருவிகள் பல. 2005-லேயே ஸ்டஃப்இட் இதைச் செய்தது, 2008-ல் வின்ஜிப் 12-ம் செய்தது. ஜெர்மனியில் பேக்ஜேபிஜி என்று ஒன்றைத் திறமூலமாக எழுதினார்கள். 2016-ல் டிராப்பாக்ஸ் லெப்டான் என்ற கருவியை வெளியிட்டது, மக்கள் ஏற்றி வைத்த ஜேபெக்குகளை உள்ளுக்குள் 22 சதவீதம் சுருக்கி வைத்து, பயனர் கேட்கும்போது அசலைத் திருப்பித் தந்தார்கள், பல பெட்டாபைட் மிச்சம். பிறகு மைக்ரோசாஃப்ட் அதை ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதியது. பாக் என்ற சுருக்கிகளின் வரிசையில் ஜேபெக்குக்கென்றே ஓர் ஊகிக்கும் முறை இருக்கிறது, இவை எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே சுருக்கும், ஆனால் உங்கள் 22 ஜிபிக்கு அதை ஓட்டினால் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும்.

இன்றைக்கு நான் சொல்வது ஜேபெக் எக்ஸ்எல், ஜேபெக்குக்கு அடுத்த தலைமுறையாக வந்த பட வடிவம். அதன் திறமூலக் கருவிக்கு ஒரு ஜேபெக்கைக் கொடுத்தால், நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை, இழப்பில்லாமல்தான் மாற்றும். சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூடிய வடிவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்: வின்ஜிப்பின் ஜிப்எக்ஸ் வடிவத்தில் சுருக்கிய ஜேபெக்கை எல்லாக் கருவியும் திறக்காது, பதினைந்து வருஷம் கழித்து அந்த நிறுவனத்தின் மென்பொருளைத் தேடி அலைய முடியாது. ஜேபெக் எக்ஸ்எல் ஐஎஸ்ஓ தரம், நிரல் பொதுவில் கிடக்கிறது.

மலைக்கோட்டை

இவ்வளவு வேலை ஐந்தில் ஒரு பங்குக்கா? 4 டெராபைட்டில் 800 ஜிபி. டிஸ்க் விலையோடு பார்த்தால் நேரம்தான் வீண் என்று எனக்குப் படுகிறது.

ஸ்டூடியோ_திண்டுக்கல்

இரண்டு நகலுக்கும் சேர்த்தால் 1600 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நகலும் சேர்த்து 44 ஜிபி என்றால் முப்பத்தாறு கல்யாணத்துக்கு வருகிறது, எங்கள் ஊர் சீசன் கணக்கில் எனக்கு ஒரு வருஷ வேலை. தினம் ராத்திரி கடையைப் பூட்டும்போது சில கல்யாணங்களை ஓடவிட்டுப் போனால் காலையில் அவை முடிந்திருக்கும், நான் பக்கத்தில் உட்காரப் போவதில்லை. எனக்கு இது பெரிய விஷயம்.

யாழ்_வாசகி

இடையில் ஒரு சந்தேகம், கேட்கலாமா? யாழ்ப்பாணத்தில் எங்கட பழைய பள்ளிக்கூட மலர்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏ4 பக்கம், 300 புள்ளி அடர்த்தி, நிறத்தில் டிஃப் கோப்பு. ஒரு பக்கம் 26 எம்பி வருகுது. இதைச் சுருக்கலாமோ, இல்லை ஜேபெக் மாதிரி இதுவும் சுருங்காதோ?

தட்டச்சு_தமிழினி

அக்கா, உங்கள் கதை நேர் எதிர். 2480 பெருக்கல் 3508 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், 26 எம்பி சரியாக வருகிறது, அப்படியென்றால் உங்கள் டிஃப் சுருக்கமே இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. இதில் ஜிப் போட்டாலே குறையும், 7-ஜிப் இன்னும் குறைக்கும். ஆனால் பொதுவான சுருக்கியைவிடப் படத்துக்கென்றே செய்த இழப்பில்லா வடிவம் நன்றாக வேலை செய்யும். பிஎன்ஜியாக மாற்றிப் பாருங்கள். பிஎன்ஜியின் வயிற்றுக்குள் இருப்பதும் அதே டிஃப்ளேட்தான், ஆனால் அதற்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வரியிலும் ஒரு வடிகட்டி போடும்: இந்தப் புள்ளி இடப்பக்கத்துப் புள்ளியிலிருந்து எவ்வளவு வேறு, மேலே உள்ளதிலிருந்து எவ்வளவு வேறு என்று வித்தியாசத்தை மட்டும் எழுதும். வெறும் காகிதம் இருக்கும் இடத்தில் எல்லாம் சின்னச் சின்ன எண்களாகிவிடும், அதை டிஃப்ளேட் நன்றாகவே பிடிக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளை ஒரு பிட்டில் ஸ்கேன் செய்ய முடிந்தால், ஃபேக்ஸ் காலத்து குரூப் 4 சுருக்கத்தோடு டிஃப் எழுதினால் மிகச் சிறியதாக வரும். பழைய மலரில் காகிதத்தின் நிறமும் படங்களும் முக்கியம் என்றால் நிறத்திலேயே வையுங்கள்.

பிஎன்ஜி ஆக்கிய பிறகு அதை ஜிப்பில் போட்டால் ஒன்றும் குறையாது, அங்கே மறுபடி டிஃப்ளேட் மேல் டிஃப்ளேட். ஆனால் பிஎன்ஜிக்கு ஒரு வசதி உண்டு. அதே புள்ளிகளை இன்னும் பொறுமையாகத் தேடி எழுதலாம். ஆப்டிபிஎன்ஜி, ஆக்ஸிபிஎன்ஜி போன்றவை வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து எது சின்னதோ அதை வைத்துக்கொள்ளும். கூகுள் 2013-ல் வெளியிட்ட ஸாப்ஃப்ளி சாதாரண டிஃப்ளேட் கருவியைவிட 3 முதல் 8 சதவீதம் வரை சின்னதாக எழுதும், அதற்கு நூறு மடங்கு வரை நேரம் எடுத்துக்கொள்ளும். வருவது எல்லோரும் திறக்கக்கூடிய சாதாரண பிஎன்ஜியே, அதனால் எனக்கு அந்த வழி பிடிக்கும்.

யாழ்_வாசகி

நல்லாய் விளங்கிட்டுது, நன்றி. ஒரு மலரை மாத்திப் பார்த்தேன், பாதிக்கும் கீழே வந்திட்டுது. விளிம்பில பூஞ்சணம் பிடிச்ச பக்கங்கள்தான் கொஞ்சம் பெரிசாய் நிற்குது.

தட்டச்சு_தமிழினி

ஆமாம் அக்கா, கறையிலும் ஸ்கேனரின் மணல்மணலான இரைச்சலிலும் அடுத்த புள்ளியை ஊகிக்க எதுவும் இல்லை, அது எந்தக் கருவிக்கும் சுமைதான்.

கொத்தமல்லி

எல்லாரும் அளவையே பேசுகிறீர்கள், எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுடைய முதல் மூன்று வருஷப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய 7-ஜிப் கோப்பாக்கி ஒரு வெளி டிஸ்கில் வைத்தேன், அசலை அழித்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் பாதியில் பிழை என்று நின்றுவிட்டது. டிஸ்கில் ஓர் இடம் கெட்டுப்போயிருந்தது, கொஞ்சம்தான். அதற்கு முன்னால் உள்ள படங்கள் வந்தன, பின்னால் உள்ளவை எதுவும் வரவில்லை. முதல் பிறந்தநாள் இருக்கிறது, அவன் நடக்க ஆரம்பித்தது இல்லை. தனித்தனி ஜேபெக்காக விட்டிருந்தால் ஒன்றோ இரண்டோ கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகப் போயிருக்கும், மற்றதெல்லாம் பிழைத்திருக்கும். எதைச் செய்தாலும் இதை மனதில் வையுங்கள்.

பைட்_பாண்டி

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அளவுக்கு முன்னால் இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். கோப்புகளைக் கோத்துச் சுருக்கும்போது பின்னால் வருவது முன்னால் வந்ததை நம்பி நிற்கிறது, நடுவில் ஒரு கண்ணி போனால் அந்தக் கட்டு முழுவதும் போச்சு. ஜேபெக்கில் அப்படிக் கோத்துச் சுருக்குவதால் ஒரு சதவீத லாபம்கூடக் கிடையாது, ஆபத்து மட்டும் வந்து சேர்கிறது.

படங்களை ஒரே கட்டாக அனுப்ப வேண்டும் என்றால் ஜிப் போடுங்கள், ஆனால் சுருக்கம் வேண்டாம் என்ற 'ஸ்டோர்' தேர்வில். நிமிஷத்தில் முடிந்துவிடும், ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றை ஜிப் எழுதி வைப்பதால் போய்ச் சேர்ந்தது முழுசா என்று சோதிக்கலாம், ஓர் இடம் கெட்டால் அந்த ஒரு படத்தோடு போகும். நீண்ட நாள் சேமிப்புக்கு ராரில் மீட்புப் பதிவு என்று ஒரு தேர்வு இருக்கிறது, சில சதவீதம் கூடுதல் இடம் எடுக்கும், சின்னச் சேதத்தை அதை வைத்துச் சரிசெய்யலாம். எந்தக் கோப்புக்கும் அதே வேலையைத் தனியாகச் செய்ய பார்2 இருக்கிறது. மிச்சம் பிடித்த ஐந்தில் ஒரு பங்கில் கொஞ்சத்தை இதற்குச் செலவழிப்பது நல்ல செலவு.

மலைக்கோட்டை

ஐஃபோன் படங்கள்? அவை ஹெய்க் என்று வருகின்றன.

பைட்_பாண்டி

2017-ல் ஐஓஎஸ் 11-லிருந்து அப்படி. அதற்குள் இருப்பது வீடியோவுக்குப் பயன்படும் ஹெச்இவிசி, அது அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து எண்கணிதக் குறியாக்கத்தில்தான் எழுதுகிறது. நான் மேலே சொன்ன தந்திரங்கள் எல்லாம் அதில் ஏற்கெனவே செலவாகிவிட்டன, விட்டுவிடுங்கள்.

ஸ்டூடியோ_திண்டுக்கல்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஜேபெக் எக்ஸ்எல் கருவியை இறக்கி ஒரு கல்யாணத்தை முழுவதும் மாற்றிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு வினாடிதான். பாண்டி சொன்னபடியே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இல்லை, மண்டபத்து இருட்டில் எடுத்தவை ஒரு விதம், வெளியில் எடுத்தவை ஒரு விதம். கொத்தமல்லி அக்கா எழுதியதைப் படித்ததால் உடனே அசலை அழிக்கவில்லை. மாற்றியதை எல்லாம் திரும்ப ஜேபெக் ஆக்கி, அசலுக்கும் திரும்பி வந்ததற்கும் ஹேஷ் எடுத்து ஒப்பிட்டேன், மூவாயிரத்தில் ஒன்றுகூட மாறவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஆல்பம் டிசைன் செய்த பக்கங்களில் பாதியைக் கருவி ஏற்க மறுத்துவிட்டது. அதுவும் ஜேபெக்தான். என்ன காரணம்?

பைட்_பாண்டி

அச்சகத்துக்காக நாலு நிறத்தில், அதாவது சிஎம்ஒய்கே-வில் சேமித்திருப்பீர்கள். அந்த வகை ஜேபெக்கை அது இழப்பில்லாமல் மாற்றாது. அவற்றை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், எண்ணிக்கையில் கொஞ்சம்தானே. வேண்டுமானால் ஜேபெக்டிரான் கருவியில் ஹஃப்மன் அட்டவணையை மட்டும் அந்தப் படத்துக்கேற்ப மாற்றி எழுதலாம், புள்ளிகள் மாறாது, சில சதவீதம் குறையும். பல கேமராக்களும் மென்பொருள்களும் ஜேபெக் தரநிலையோடு வந்த பொது அட்டவணையையே எல்லாப் படத்துக்கும் போடுவதால் அந்த மிச்சம் கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஜேபெக்டிரான் நாம் தனியாகச் சொல்லாவிட்டால் எக்ஸிஃப் தகவலையும் நிற விவரத்தையும் விட்டுவிடும். எடுத்த தேதி போய்விடும், படம் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நகலெடு என்ற தேர்வை மறக்காமல் போடுங்கள்.

ஸ்டூடியோ_திண்டுக்கல்

சிஎம்ஒய்கே-தான், பார்த்துவிட்டேன். அவற்றைத் தொடவில்லை. இன்னொரு கேள்வி: ஜேபெக் எக்ஸ்எல்லில் இருந்து திரும்ப எடுத்த படங்களை ஃபோல்டரில் தேதி வரிசையில் அடுக்கினால் எல்லாமே இன்றைய தேதி காட்டுகிறது. ஹேஷ் ஒன்றாக இருக்கும்போது தேதி எப்படி மாறும்?

தட்டச்சு_தமிழினி

அண்ணா, அது கோப்புக்குள் இருக்கும் தேதி இல்லை, டிஸ்க் தன் கணக்கில் எழுதி வைக்கும் தேதி. கோப்பு இன்று புதிதாக எழுதப்பட்டதால் இன்றைய தேதி. கேமரா எழுதியது எக்ஸிஃபுக்குள் அப்படியே இருக்கிறது, ஃபோல்டரில் 'எடுத்த தேதி' என்ற நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள், தாலி கட்டினது முதலிலும் பந்தி பிறகும் வந்துவிடும். இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் அவற்றின் கடிகாரம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.